இல்லாத யந்திரத்துக்கு எழுதியவர்கள்

பம்பாய் என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே பஞ்சாலைகளும், துறைமுகமும், பங்குச் சந்தையும், திரைப்பட நிலையங்களும் நினைவுக்கு வருதல் இயல்பு. தமிழராகிய நமக்கு இவற்றோடு மூன்று இடப்பெயர்களும் சேர்ந்தே வரும். தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்துவரும் தாராவி ஒன்று. குமாஸ்தாக்களாகவும், தட்டெழுத்தாளர்களாகவும், சுருக்கெழுத்தாளர்களாகவும் வந்தவர்கள் கோவிலும் பள்ளியும் உணவு விடுதியும் அமைத்துக்கொண்ட மாதுங்கா மற்றொன்று. அணுசக்தி ஆராய்ச்சி நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அமைந்த டிராம்பேக்கு அண்டையிலுள்ள செம்பூர் மூன்றாவது. 1995ஆம் ஆண்டு முதல் மும்பை என்று வழங்கும் இந்நகரத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது கணிப்பொறியின் வரலாறு. பஞ்சாலையின் புகைபோக்கியைப் போல் அது கண்ணுக்குத் தெரிவதன்று. ஆகவே அதிகம் பேசப்படுவதுமில்லை.

அந்த வரலாற்றை ஊன்றிப் பார்ப்போமாயின், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்துகொண்டிருப்பதைக் காண்கிறோம். கையில் இல்லாத ஒரு யந்திரத்துக்கு வேலை செய்வது எவ்வாறு? யந்திரமோ விலை உயர்ந்தது, வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது, அந்நியச் செலாவணியோ அரிது. ஆயினும் அந்த யந்திரத்துக்கான நிரல்களை எழுதும் அறிவும் ஆர்வமும் இங்கே இருந்தன. இந்த இடைவெளியைக் கடக்க மனிதர் கண்ட வழிகள் பல. அவற்றுள் கடைசியாக வந்து, இன்று உலகெங்கும் மென்பொருள் ஆக்கும் தொழிலுக்கே அடித்தளமாகிவிட்ட வழிதான் ‘மெய்நிகர் யந்திரம்’ என்பது.

அது என்ன மெய்நிகர் யந்திரம்? நம் நாட்டு நகரங்களில் ‘ஒண்டுக்குடித்தனம்’ என்று ஒரு முறை உண்டு. ஒரே வீட்டில் நான்கு குடும்பங்கள் இருக்கும். முற்றமும் கிணறும் பொது. ஒரு வீட்டுச் சண்டை மறுவீட்டுக்குக் கேட்கும். நான்கு குடும்பங்களும் ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே, ஒவ்வொன்றும் தனித்த ஒரு முழுவீட்டில் வாழ்வதாக நம்பும்படி ஓர் ஏற்பாடு செய்ய முடியுமானால் எப்படியிருக்கும்? ஒரு குடும்பம் சுவரை இடித்தாலும் மற்றதற்குக் கேடு வராது. ஒன்றில் நெருப்புப் பிடித்தாலும் அடுத்ததற்குப் பரவாது. கற்கட்டடத்தில் நடவாத இந்த விந்தை கணிப்பொறியில் நடக்கிறது. உண்மையில் இருப்பது ஒரே யந்திரம். அதன்மேல் அமர்ந்துள்ள மேற்பார்வை நிரல் ஒன்று, அந்த ஒரே யந்திரத்தின் நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் ஒரு முழு யந்திரமாகத் தோன்றும்படி செய்கிறது. தோற்றம் என்றோம், ஏமாற்று என்று கொள்ளலாகாது. ‘வர்ச்சுவல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘மாயை’ என்று பெயர்க்காமல் ‘மெய்நிகர்’ என்று தமிழில் பெயர்த்தது பொருத்தமே. மெய்க்கு நிகராக வேலை செய்வது என்பதே அதன் பொருள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொற்களில் தனிப் பற்று உண்டாவது இயற்கையே.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

யந்திரம் இல்லையே என்ற குறைக்குப் பம்பாய் கண்ட முதல் விடை, யந்திரத்தைத் தானே செய்துகொள்வது. 1945ஆம் ஆண்டில் ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், 1950களின் நடுவில் இளம் விஞ்ஞானிகளும் பொறியியலாளரும் கூடி ஒரு மின்னணுக் கணிப்பொறியைக் கட்டத் தொடங்கினர். அக்குழுவை வழிநடத்தியவர் சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து 1954இல் இந்நிலையத்தில் சேர்ந்த ஆர். நரசிம்மன் ஆவார். முதலில் சிறியதொரு முன்மாதிரி. அதன்பின் முழு யந்திரம். சுமார் 2,700 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அந்த முழு யந்திரம் 1960இல் பணியாற்றத் தொடங்கிற்று. 1962இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயரிட்டார். பெரும் யந்திரங்களை விலைக்கு வாங்கும் வசதியில்லாத ஒரு நாட்டில், படித்தறிந்தவற்றையே துணையாகக் கொண்டு ஓர் யந்திரத்தை எழுப்பிய செயல் சிறியதன்று. நரசிம்மன் பின்னர் 1965இல் தோன்றிய இந்தியக் கணிப்பொறிச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். டிராம்பேயிலும் இந்த முயற்சி தொடர்ந்தது. அங்கே உருவான ‘டிராம்பே டிஜிட்டல் கணிப்பொறி 12’ என்பதை 1969இல் இந்திய மின்னணுக் கழகம் வெளிக்கொணர்ந்தது.

ஆனால் தானே செய்துகொள்ளும் வழிக்கு ஓர் எல்லை இருந்தது. டிஃப்ராக் முடிவதற்குள் வெற்றிடக் குழாயின் காலம் முடிந்து, டிரான்சிஸ்டரின் காலம் பிறந்துவிட்டது. ஓட்டப் பந்தயத்தில் நாம் ஓடத் தொடங்குமுன் எல்லைக்கோடே நகர்ந்துவிட்ட நிலை அது. ஆகவே இரண்டாவது விடை வந்தது: யந்திரத்தைப் பகிர்ந்துகொள்வது.

1961இல் எஸ்ஸோ எண்ணெய்க் கம்பெனி ஐ.பி.எம். 1401 என்ற கணிப்பொறியைப் பம்பாயில் நிறுவியது. நம் நாட்டு வாணிப உலகத்தில் கணிப்பொறி நுழைந்தது அப்போதுதான். 1964இல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்கு அமெரிக்க உதவியுடன் சி.டி.சி. 3600 என்ற பெரும் யந்திரம் வந்து சேர்ந்தது. நாட்டின் பல பாகங்களிலிருந்த ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கணக்குகளைத் துளையிட்ட அட்டைகளாக இங்கே அனுப்பினர். அட்டைக்கட்டு வரிசையில் காத்திருக்கும். முறை வந்ததும் யந்திரத்துக்குள் செல்லும். விடை அச்சாகித் திரும்பும். ஒரே ஓர் அட்டையில் ஒரே ஒரு துளை தவறியிருப்பினும் விடைக்குப் பதிலாகப் பிழைச் செய்திதான் வரும். மீண்டும் வரிசை, மீண்டும் காத்திருப்பு. யந்திரம் கிடைத்தது, ஆனால் யந்திரத்தோடு பேசும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

அந்த வாய்ப்பை அளித்தது ‘நேரப் பங்கீடு’ என்ற முறை. மாதுங்காவின் உணவு விடுதிகளில் பந்தி நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பரிமாறுபவர் ஒருவரே, இலைகளோ பல. அவர் விரைந்து சுற்றிவருவதால் ஒவ்வோர் இலைக்காரருக்கும் தம்மையே கவனிப்பதாகத் தோன்றும். கணிப்பொறியும் ஒரு நொடியைப் பல கூறுகளாக்கிப் பலருக்கும் மாறி மாறிப் பணி செய்தால், ஒவ்வொருவரும் யந்திரம் தமக்கே உரியது என்று எண்ணுவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961இல் செய்து காட்டப்பட்ட இம்முறை, 1970களில் பம்பாய்க்கும் வந்தது. ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியுடன் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் பிரிவாக ஏற்பட்ட தேசிய மென்பொருள் வளர்ச்சி மையத்தில் டெக்-10 என்ற யந்திரத்தின்மீது பலர் ஒரே சமயத்தில் வேலை செய்தனர். அம்மையமே 1985இல் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் என்ற தனி நிறுவனமாயிற்று.

எனினும் பந்திக்கும் தனிக்குடித்தனத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பந்தியில் எல்லோருக்கும் ஒரே சமையல். நேரப் பங்கீட்டிலும் எல்லோருக்கும் ஒரே யந்திரம், ஒரே இயக்க முறை. வேறோர் யந்திரத்துக்கு, வேறோர் இயக்க முறைக்கு நிரல் எழுத வேண்டியவன் என்ன செய்வான்?

இந்த இடத்தில்தான் நம் வரலாற்றின் மிகச் சுவையான நிகழ்ச்சி வருகிறது. 1968இல் பம்பாயில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் என்ற நிறுவனம் தொடங்கிற்று. மின்சாரத் துறையிலிருந்து வந்த எஃப். சி. கோலி அதன் தலைமையை ஏற்றார். 1974ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஏற்றுமதிக்கான தன் முதல் மென்பொருட் பணியை மேற்கொண்டது. அமெரிக்காவைச் சேர்ந்த பரோஸ் கம்பெனியின் நடுத்தர யந்திரங்களுக்காக எழுதப்பட்டிருந்த மருத்துவமனை நிர்வாக நிரல்களை, அதே கம்பெனியின் சிறிய யந்திரங்களில் ஓடும்படி மாற்றித் தருவதே அப்பணி. இரண்டுமே ‘கோபால்’ என்ற வாணிப நிரல்மொழியில் அமைந்தவைதாம். ஆனால் நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் ஒரே தமிழாயினும் சொல்லும் தொனியும் வேறுபடுவதுபோல, இந்த இரு கோபால்களும் வேறுபட்டன.

வேறுபாடு மொழியில் மட்டுமன்று, யந்திரத்தின் உடலமைப்பிலேயே இருந்தது. பரோஸின் நடுத்தர யந்திரம் நம்மைப் போலவே பத்தின் அடிப்படையில் எண்ணுவது. சிறிய யந்திரமோ நினைவகத்தின் ஒவ்வொரு நுண்துளியையும், அதாவது ‘பிட்’ எனப்படுவதையும், தனித்தனியே சுட்டக்கூடியது. கோபால் நிரல் வந்தால் ஒருவகை யந்திரமாகவும், ஃபோர்ட்ரான் நிரல் வந்தால் வேறொரு வகை யந்திரமாகவும் அது தன் உள்ளமைப்பையே மாற்றிக்கொள்ளும்.

இந்த இரு யந்திரங்களில் எதன்மேல் பம்பாய் இளைஞர்கள் வேலை செய்தார்கள்? இரண்டில் ஒன்றன்மீதும் அல்ல. அவர்கள் கையிலிருந்தது ஆங்கில நாட்டு ஐ.சி.எல். 1903 என்ற மூன்றாவது யந்திரம். அதன் சொல்லளவு 24 பிட். எழுத்தொன்றுக்கு 6 பிட். புறப்பட்ட ஊரும் இல்லை, போய்ச் சேரும் ஊரும் இல்லை. இடையிலுள்ள சத்திரத்தில் அமர்ந்துகொண்டு ஓர் ஊரின் பேச்சை மற்றோர் ஊரின் பேச்சாக மாற்றியது போன்ற செயல் அது. பணி முழுவதும் பம்பாயிலேயே நடந்தது. இந்திய மென்பொருள் ஏற்றுமதியின் முதற் பக்கத்தில் இவ்வாறு ஒரு மொழிபெயர்ப்பு எழுதப்பட்டிருப்பது நினைவில் வைக்கத் தக்கது.

இதே காலத்தில் உலகின் வேறு பாகங்களில் என்ன நடந்தது? அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். விஞ்ஞான மையத்தில் ராபர்ட் கிரீஸி என்பவர் தலைமையில் 1964இல் ஒரு முயற்சி தொடங்கிற்று. 1967 ஜனவரியில் அது பயனுக்கு வந்தது. சி.பி.-40 என்பது அதன் பெயர். சிறிது மாற்றியமைத்த 360 வரிசை யந்திரம் ஒன்றின்மீது ஒரே சமயத்தில் 14 மெய்நிகர் யந்திரங்களை அது நடத்திற்று. அந்த யந்திரத்தின் நினைவகம் 256 ஆயிரம் பைட்டு; ஆனால் பதினான்கு மெய்நிகர் யந்திரங்களும் ஒவ்வொன்றும் தனக்கே 256 ஆயிரம் பைட்டு இருப்பதாக நம்பின. எவ்வாறு? எந்தப் பக்கம் அப்போதைக்குத் தேவையோ அதை மட்டும் நினைவகத்தில் வைத்து, ஏனையவற்றை வட்டுகளில் ஒதுக்கி, முகவரிகளை உடனுக்குடன் மாற்றித் தருவதால்தான். பகலில் தையற்பட்டறையாகவும் இரவில் உறங்கும் இல்லமாகவும் மாறும் தாராவி அறையின் சூட்சுமமும் இதுவே. இடம் பெருகவில்லை, முறை பெருகியது.

இதன் வழித்தோன்றலை 1972 ஆகஸ்டு 2ஆம் நாள் ஐ.பி.எம். கம்பெனி வி.எம்./370 என்ற பெயரில் உலகுக்கு அறிவித்தது. அதற்கு முன்பே அந்த ஆய்வாளர்கள் ஓர் அரிய காரியத்தைச் செய்திருந்தனர். 370 வரிசைக்கான புதிய முகவரி மாற்று வசதி யந்திரவடிவம் பெறுமுன்னரே, பழைய யந்திரத்தின்மேல் அந்தப் புதிய யந்திரத்தை மெய்நிகராகப் படைத்து, அதற்கான இயக்க முறையை எழுதிச் சோதித்தனர். பிறவாத குழந்தைக்கு அளவெடுத்துச் சட்டை தைத்ததற்கு ஒப்பாகும் இது. 1975இல் பால் ஆலனும் பில் கேட்ஸும் ஆல்டேர் என்ற சிறு கணிப்பொறியைக் கண்ணால் காணுமுன், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெரிய யந்திரத்தில் அதன் மூளையைப் போல நடந்துகொள்ளும் நிரல் ஒன்றை அமைத்து, அதன்மேல் தங்கள் பேசிக் மொழியை உருவாக்கியதும் இவ்வகையே. பம்பாயில் எழுந்த கேள்வி பம்பாய்க்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும். செல்வம் மிக்க நாட்டிலும் நாளைய யந்திரம் இன்று இல்லை. வறிய நாட்டில் இன்றைய யந்திரமே இல்லை. இல்லாமையின் காரணம் வேறு, கேள்வி ஒன்றே.

வி.எம்./370 பம்பாயில் வேரூன்றவில்லை. அதற்கான சூழ்நிலை இங்கே இல்லை. ஐ.பி.எம். கம்பெனி தன் பம்பாய்த் தொழிற்சாலையில் பழைய 1401 யந்திரங்களைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டுவந்தது. பிற நாடுகள் கழித்த யந்திரங்களை நம் தலையில் கட்டுகிறார்கள் என்ற குறைபாடு நாட்டில் எழுந்தது. 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனிகள் தம் பங்குரிமையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு இணங்காத ஐ.பி.எம். 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற யந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பைக் கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம் ஏற்றது. இதற்கிடையே ஏற்றுமதி செய்து செலாவணி ஈட்டுவோம் என்று உறுதி கொடுத்தால் மட்டுமே யந்திரம் இறக்குமதி செய்யலாம் என்ற திட்டம் 1972 முதல் நடைமுறையில் இருந்தது. யந்திரம் இருந்தால்தான் ஏற்றுமதி. ஏற்றுமதி செய்தால்தான் யந்திரம். இந்த வட்டத்துக்குள்ளேதான் அக்காலத்து நிறுவனங்கள் சுழல வேண்டியிருந்தது.

இந்நிலை ஒரு நன்மையையும் செய்தது. ஒரே கம்பெனியின் யந்திரத்தோடு கட்டுண்டு கிடவாமல், பலவகை யந்திரங்களையும் அறிந்த நிரலாளர் கூட்டம் இங்கே வளர்ந்தது. 1980களில் யூனிக்ஸ் என்ற இயக்க முறை நம் நாட்டில் பரவியதும் இதனால்தான். எந்த யந்திரத்தின்மீதும் ஓரளவு ஒரேவிதமாக நடக்கக்கூடிய முறை அது. மாதுங்காவின் வீடுகளில் ஒரு தலைமுறை தட்டெழுத்துப் பொறியில் பழகிய விரல்கள், அடுத்த தலைமுறையில் கணிப்பொறியின் விசைப்பலகைக்கு வந்தன. 1972இல் டாட்டா கன்சல்டன்சியில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்த எஸ். ராமதுரை 1996இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் பிறந்து, திருச்சிராப்பள்ளியில் கணிப்பொறிப் பட்டம் பெற்று, 1987இல் அங்கே சேர்ந்த என். சந்திரசேகரன் 2009இல் அவருக்குப்பின் அப்பொறுப்பில் அமர்ந்தார்.

மெய்நிகர் யந்திரத்தின் கதைக்கு மீள்வோம். 1974இல், பம்பாயில் அந்த மொழிபெயர்ப்பு நடந்த அதே ஆண்டில், ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபெர்க் என்ற இரு அறிஞர்கள் அமெரிக்காவில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். மெய்நிகர் யந்திரத்துக்கு மூன்று இலக்கணங்களை அவர்கள் வகுத்தனர். மெய்யான யந்திரத்தில் நடப்பது போலவே அதிலும் நடக்கவேண்டும் என்பது முதலாவது. யந்திரத்தின் உடைமைகள் யாவும் மேற்பார்வை நிரலின் ஆட்சியிலேயே இருக்கவேண்டும் என்பது இரண்டாவது. பெரும்பாலான ஆணைகள் இடையீடின்றி யந்திரத்திலேயே நேராக ஓடவேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் கூடி வருவதற்கு யந்திரத்திலேயே ஒரு குணம் வேண்டும். குடியிருப்பவன் வீட்டின் மின்விசைப் பெட்டியைத் தொட்டால், உடனே வீட்டுக்காரர் அறையில் மணி அடிக்கவேண்டும். அவர் வந்து, அவன் பங்குக்கு உரியதை மட்டும் செய்துவிட்டுப் போவார். மணி அடிக்காத பெட்டி ஒன்று இருந்தாலும் ஆபத்து.

1980களில் மேசைமேல் வைக்கும் சிறு கணிப்பொறிகள் பரவின. அவற்றின் மூளையாக அமைந்த இன்டெல் வகைச் செயலிகளில் இத்தகைய மணி அடிக்காத பெட்டிகள் பல இருந்தன. பென்டியம் செயலியில் அவ்வாறான ஆணைகள் 17 என்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு எண்ணிக் காட்டிற்று. அவற்றை விருந்தினர் நிரல் பயன்படுத்தினால் பிழையென்று நிற்காமலும், மேற்பார்வையாளருக்குத் தெரியாமலும், வேறு ஏதோ விளைவைத் தந்துவிட்டுப் போய்விடும். ஆகவே சிறு கணிப்பொறியில் மெய்நிகர் யந்திரம் சாத்தியமில்லை என்றே பலரும் கருதினர்.

அந்தக் கருத்தை மாற்றியது 1998இல் கலிபோர்னியாவில் தோன்றிய விஎம்வேர் கம்பெனி. மெண்டல் ரோசன்பிளம், டயேன் கிரீன் முதலிய ஐவர் தொடங்கிய அக்கம்பெனியின் முதற்படைப்பு 1999இல் வெளிவந்தது. அவர்கள் கண்ட உபாயம் என்ன? விருந்தினர் இயக்க முறையின் ஆணைகளை ஓடவிடுமுன் படித்துப் பார்த்து, ஆபத்தான ஆணைகளைப் பாதுகாப்பான வேறு ஆணைகளாக அவ்வப்போதே மாற்றிவிடுவது. அதாவது, உடனுக்குடன் செய்யும் மொழிபெயர்ப்பு! யந்திரம் இல்லாத குறையைப் பம்பாய் இளைஞர்கள் 1974இல் மாதக்கணக்கில் முயன்று மொழிபெயர்ப்பால் நிரப்பினர். அதே மொழிபெயர்ப்பு கால் நூற்றாண்டுக்குப்பின் யந்திரத்துக்குள்ளேயே, நொடியின் நுண்பகுதியில் நடைபெறத் தொடங்கிற்று. மொழிபெயர்ப்பு என்பது மூலம் கிட்டாதவர்க்குக் காட்டும் சலுகை என்று சிலர் தாழ்வாக எண்ணுவதுண்டு. உலகத்தின் கணிப்பொறி வேலையில் ஒரு பகுதி ஒரு காலத்தில் மொழிபெயர்ப்பின் தோள்மீதே நின்றது என்பதை அவர்கள் அறிவாராக.

2005இன் இறுதியில் இன்டெல் கம்பெனியும், 2006இல் ஏ.எம்.டி. கம்பெனியும் தங்கள் செயலிகளிலேயே வேண்டிய மணிகளைப் பொருத்தின. 2007 பிப்ரவரியில் கே.வி.எம். என்ற மேற்பார்வை வசதி, யாவரும் கட்டணமின்றிப் பெறக்கூடிய லினக்ஸ் இயக்க முறையின் உட்கருவிலேயே சேர்ந்தது. கோடிக்கணக்கில் செலவிட்ட பெரும் நிறுவனங்களுக்கு மட்டும் உரியதாயிருந்த வசதி, நாற்பதாண்டுகளில் மாணவனின் மேசைக்கு வந்துவிட்டது.

இதன் பயன் யாது? செம்பூரிலோ தாராவியிலோ ஒற்றை அறையில் வாழும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவனிடம் 16 ஜிகாபைட் நினைவகமுள்ள கணிப்பொறி ஒன்றே உள்ளது. அதில் 4 ஜிகாபைட்டை யந்திரத்தின் சொந்தச் செலவுக்கு ஒதுக்கி, எஞ்சியதை மும்மூன்றாகப் பிரிக்காமல் நான்கு நான்காகப் பிரித்தால் மூன்று மெய்நிகர் யந்திரங்கள் கிடைக்கும். ஒன்றில் தகவல் களஞ்சியம், ஒன்றில் மக்கள் வந்து பயன்படுத்தும் சேவை நிரல், மற்றொன்றில் சோதனை. ஒவ்வொன்றுக்கும் செயலியின் பங்கு எவ்வளவு, நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வளவு, ஒன்றோடொன்று பேசவும் வெளியுலகோடு பேசவும் எந்த வாயில் திறந்திருக்கவேண்டும் என்பவற்றை அவன் முதலில் தீர்மானிக்கவேண்டும். 50 ஜிகாபைட் வட்டு என்று எழுதிக் கொடுத்தாலும், உண்மையில் பயன்படுத்திய அளவே இடம் பிடிக்கும்படியும் செய்யலாம். ஆனால் இருப்பதற்கு மேல் எல்லோருக்கும் வாக்களித்து, எல்லோரும் ஒரே நாளில் கேட்டு வந்துவிட்டால் யந்திரம் திணறி நின்றுவிடும். அகலக்கால் வைக்கலாகாது என்ற நம் முன்னோர் அறிவுரை இங்கும் பொருந்தும்.

இன்னொரு பெருநன்மை, மெய்நிகர் யந்திரத்தின் நிலையை அப்படியே படம்பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்பது. சோதனை தவறினால் பழைய நிலைக்கு ஒரு கணத்தில் திரும்பலாம். அச்சமின்றித் தவறு செய்து கற்பதற்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை. அட்டையில் ஒரு துளை தவறியதற்காக மறுபடியும் வரிசையில் நின்ற தலைமுறையை நினைத்தால் இதன் அருமை தெரியும். 1999இல் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்திருந்த பழைய நிரல்கள் 2000ஆம் ஆண்டில் என்ன ஆகுமோ என்று உலகம் கலங்கியபோதும் இது கைகொடுத்தது. ஐ.பி.எம். பெரும் யந்திரங்களில் மெய்நிகர் யந்திரம் ஒன்றின் கடிகாரத்தை மட்டும் முன்னே தள்ளிவைத்து, நாளை வரப்போகும் கேட்டை இன்றே கண்டறிய முடிந்தது. அன்றாட அலுவல் அதனால் ஒரு நொடியும் நிற்கவில்லை.

2010இல் மிட்சல் ஹாஷிமோட்டோ வெளியிட்ட ‘வேக்ரண்ட்’ என்ற கருவி இன்னும் ஒரு படி ஏற்றியது. இந்த மெய்நிகர் யந்திரம் எப்படி அமையவேண்டும் என்பதை ஒரு சிறு குறிப்பாக எழுதிவிட்டால் போதும். அக்குறிப்பைப் பெறுவோர் எவரும் அதே யந்திரத்தைத் தம்மிடம் எழுப்பிக்கொள்ளலாம். ‘எங்கள் யந்திரத்தில் சரியாகத்தானே ஓடியது!’ என்ற நிரலாளரின் பழைய வாதம் இதனால் வலுவிழந்தது. சமையற்குறிப்பைப் போல யந்திரமும் எழுத்தில் அடங்கிவிட்டது.

இவ்வளவு நன்மைகளுக்கு நடுவே நாம் மறக்கலாகாத உண்மைகளும் உண்டு. மெய்நிகருக்கு அடியில் எங்கேயோ ஒரு மெய் இருந்தே தீரவேண்டும். அமேசான் கம்பெனி 2016 ஜூனில் தன் கணிப்பொறி வாடகைச் சேவைக்கான நிலையங்களை மும்பை வட்டாரத்தில் திறந்தது. வேறு பெரிய கம்பெனிகளும் இங்கே அவ்வாறே செய்துள்ளன. ஒரு மெய்நிகர் யந்திரத்தை இன்று மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். யந்திரத்தை வாங்கச் செலாவணி தேடிய நகரம், யந்திரங்களின் குடியிருப்பாக மாறியிருக்கிறது. ஆயினும் அவற்றுக்கு மின்சாரம் வேண்டும்; குளிர்ச்சி வேண்டும்; நிலம் வேண்டும். இடத்துக்காகவும் நீருக்காகவும் மக்கள் நாள்தோறும் போராடும் நகரத்தில் இது சிறு செய்தியன்று.

உரிமை பற்றிய எச்சரிக்கையும் உண்டு. 2023 நவம்பரில் பிராட்காம் என்ற கம்பெனி விஎம்வேரை விலைக்கு வாங்கியது. அதன்பின் உரிமக் கட்டண முறை மாறியதால், அதையே நம்பியிருந்த நிறுவனங்கள் பல வேறு வழி தேடலாயின. ஒண்டுக்குடித்தனம் தனிக்குடித்தனமாகத் தோன்றினும், வீட்டுக்காரர் மாறினால் வாடகை மாறும் என்ற பழைய உண்மை மாறவில்லை. 1970களில் பழைய யந்திரங்களை நம் தலையில் கட்டினார்கள் என்று குறைபட்டோம். இன்று யந்திரம் நம்முடையதா பிறருடையதா என்ற கேள்வி, நிரலின் உரிமை யாருடையது என்ற கேள்வியாக வடிவம் மாறி நிற்கிறது. கே.வி.எம். போன்ற பொதுவுடைமை நிரல்களைக் கற்று, அவற்றைத் திருத்தும் ஆற்றலையும் பெற்ற இளைஞர்கள் நம்மிடையே பெருகினால்தான் இக்கேள்விக்கு நாம் விடை சொல்ல முடியும்.

யந்திரத்தைத் தாமே கட்டியவர்கள் ஒரு தலைமுறை. பிறர் யந்திரத்தின் முன் வரிசையில் நின்றவர்கள் ஒரு தலைமுறை. மூன்றாவது யந்திரத்தின்மேல் அமர்ந்து இரண்டு யந்திரங்களுக்கிடையே மொழிபெயர்த்தவர்கள் ஒரு தலைமுறை. ஒரே யந்திரத்துக்குள் பல யந்திரங்களைப் படைத்துப் பழகுகிறது இன்றைய தலைமுறை. இந்த நால்வருக்கும் பொதுவான செல்வம் ஒன்றுண்டு: ஒரு யந்திரம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அது எதிரில் இல்லாதபோதும் மனத்தில் எழுப்பிப் பார்க்கும் தெளிவு. அந்தத் தெளிவுக்கு இறக்குமதி உரிமம் வேண்டியதில்லை, வாடகையும் இல்லை. அதைக் கற்பிக்கும் பள்ளிகளும் கல்லூரிகளும் தாராவிச் சந்துகளுக்கு எட்டும்படி இருக்கின்றனவா என்பதை மட்டும் நாம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.